லைசென்ஸ் எடுத்து வந்தவரும் வழிகாட்டிப் போனவரும்

என்னோடு ஒரே ப்ராஜெக்டில் இருக்கும் அமெரிக்கர் ஒருவர் வருஷா வருஷம் பிப்ரவரி வாக்கில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறப்பார். ஆபீஸ் வேலை இல்லை, மான் வேட்டைக் கணக்கு. எந்த மாநிலத்தில் விண்ணப்பத்துக்கு எந்தத் தேதி கடைசி, எந்தப் பிரிவில் போன வருஷம் எத்தனை பேருக்குக் குலுக்கலில் விழுந்தது, எந்த மலைக்கு எந்தச் சாலை என்று பத்திப் பத்தியாக இருக்கும். அவர் தேடிப் போவது மியூல் டீர். கோவேறு கழுதைக்கு இருப்பது போல பெரிய காது, அதனால் அந்தப் பெயர். வீடு ஒரு மாநிலம், மான் இன்னொரு மாநிலம். விண்ணப்பம் வசந்தத்தில், வேட்டை அக்டோபரில்.

அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிபட்ட ஏற்பாடு இது. கொலராடோ, வயோமிங், நெவாடா மாதிரி மேற்கு மாநிலங்களில் நிலத்தில் பெரிய பகுதி ஒன்றிய அரசுடையது. யார் வேண்டுமானாலும் கூடாரம் போடலாம், நடக்கலாம். ஆனால் அங்கே மேயும் மான் மாநில அரசின் பொறுப்பு. அதைச் சுட மாநிலம்தான் அனுமதி தர வேண்டும். சொந்த மாநிலத்துக்காரருக்கு ஒரு கட்டணம், வெளி மாநிலத்துக்காரருக்குப் பல மடங்கு கட்டணம். குலுக்கலில் கிடைக்காவிட்டால் ஒரு புள்ளி சேரும், புள்ளி கூடினால் அடுத்த வருஷம் வாய்ப்பு கூடும். சிலர் பத்து, பதினைந்து வருஷம் புள்ளி சேர்த்துக் காத்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டண வித்தியாசம் நியாயமா என்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 1976-இல் மொன்டானாவில் உள்ளூர்க்காரர் எல்க் மான் வேட்டைக்கு 9 டாலர் கட்டினால் போதுமாக இருந்தது. வெளியார் 225 டாலர் கட்டி எல்லாம் சேர்ந்த லைசென்ஸை வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. 1978-இல் தீர்ப்பு மொன்டானாவுக்குச் சாதகமாக வந்தது. பொழுதுபோக்குக்காக மான் சுடுவது அரசியல் சட்டம் எல்லா மாநிலத்தாருக்கும் சமமாகத் தர வேண்டிய அடிப்படை உரிமை அல்ல என்பது சாரம். வயோமிங்கில் இன்னொரு விதி. ஒன்றிய அரசு 'வில்டர்னஸ்' என்று அறிவித்த காட்டுக்குள் வெளி மாநிலத்துக்காரர் பெரிய விலங்கு வேட்டைக்குப் போனால், கூடவே உள்ளூர் வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ இருக்க வேண்டும். இந்த விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

"உங்கள் மலையில் இப்படி எதுவும் கிடையாதா?" என்று கேட்டார். என் ஊர் வ. புதுப்பட்டி. வத்திராயிருப்புக்குப் பக்கம், மேற்கே பார்த்தால் மலைதான். இன்றைக்கு அந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நம் மாகாணத்தில் லைசென்ஸ், சீசன், எந்த மிருகம், ஆணா பெண்ணா என்ற கணக்கு எல்லாம் ஒரு நூற்றாண்டுக் காலம் ஓடியிருக்கிறது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு நான் போய்ப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

தொடங்க வேண்டிய இடம் நீலகிரி. ஊட்டி வளர்ந்து மெட்ராஸ் அரசின் கோடைத் தலைநகரமான பிறகு ராணுவ அதிகாரிகள், தோட்டத் துரைமார்கள், லீவில் வந்தவர்கள் எல்லோர் கையிலும் துப்பாக்கி. கட்டுப்பாடு ஏதும் இல்லை. கடமான், வரையாடு, காட்டெருமை என்று எதிர்ப்பட்டதைச் சுட்டார்கள். பெட்டை, குட்டி என்ற பாகுபாடும் பலரிடம் இல்லை. மிருகம் குறைகிறது என்று முதலில் பதறியவர்களும் சுட்டவர்களே. 1877-இல் நீலகிரி கேம் அசோசியேஷன் என்ற சங்கம் தொடங்கினார்கள். இரண்டே வருஷத்தில், 1879-இல், நீலகிரி மாவட்டத்துக்கென்று தனியாக வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஒரு சங்கம் கேட்டு இரண்டு வருஷத்தில் சட்டம்! கேட்டவர்களும் கொடுத்தவர்களும் ஒரே கிளப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் என்பதால் நடந்த வேகம் என்றே நினைக்கிறேன்.

அந்தச் சட்டம் எதையெல்லாம் 'கேம்' என்று சொல்கிறது என்பது சுவாரசியம். காட்டெருமை, கடமான், ஐபெக்ஸ், ஜங்கிள் ஷீப், எல்லா வகை மான்கள், முயல், காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை. ஐபெக்ஸ் என்று அவர்கள் எழுதியது நம் வரையாடு. உண்மையான ஐபெக்ஸுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஜங்கிள் ஷீப் என்பது கேளையாடு. அது ஆடே இல்லை, சின்ன மான் வகை. தமிழ்ப் பெயரில் 'ஆடு' என்று இருப்பதைக் கேட்டு அப்படியே ஷீப் ஆக்கிவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களுக்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. புலிக்கும் சிறுத்தைக்கும் கிடையாது. அவற்றைக் கொன்றால் அரசே வெகுமதி கொடுத்த காலம் அது. செந்நாயையும் அப்படித்தான், மானைத் தின்கிற எதிரி என்று கணக்குத் தீர்த்தார்கள். பாதுகாப்பு என்றால் தங்கள் துப்பாக்கிக்கு மிச்சம் வைப்பது என்று அர்த்தம்.

சரி, 1900 வாக்கில் பெங்களூர் கண்டோன்மெண்டிலோ திருச்சியிலோ இருக்கும் ஒரு அதிகாரிக்கு வரையாடு சுட ஆசை வந்தால் என்ன செய்வார்? முதலில் லீவு. வேட்டை மூடிய மாதங்களில் லீவு கிடைத்துப் பிரயோஜனமில்லை, அதனால் சீசன் பார்த்து எழுதிப் போட வேண்டும். பிறகு ரயில். மேட்டுப்பாளையம் வரை 1873-இலேயே பாதை வந்துவிட்டது. அதற்கு மேல் முதலில் குதிரை வண்டி. 1899-இலிருந்து குன்னூர் வரை மலை ரயில், 1908-இல் ஊட்டி வரை. ஊட்டியில் இறங்கி லைசென்ஸ் எடுத்து, விதிகளைத் தெரிந்துகொண்டு, குந்தா, முக்கூர்த்திப் பக்கம் புல்வெளிகளுக்குப் போக வேண்டும். கூடாரம், அரிசி, மாவு, மழைக்கோட்டு எல்லாம் சுமக்க ஆட்கள். எந்தப் பாறை விளிம்பில் காலையில் வரையாடு மேயும், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தால் எந்த வழியாக ஏற வேண்டும் என்று சொல்ல ஒரு உள்ளூர் ஷிகாரி.

விவரம் தேடுகிறவர்களுக்குப் புத்தகங்களும் இருந்தன. டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளில் சுற்றியவர். மலைகளைப் படம் வரைந்து கொடுக்க அரசே அவரை அனுப்பியிருந்தது. சம்பளத்தோடு வேட்டை என்று கூடச் சொல்லலாம். அவருடைய தென்னிந்திய வேட்டைக் குறிப்புகள் 1892-இல் நூலாக வந்தது. 1911-இல் ஃப்ளெட்சர் என்பவர் நீலகிரி, வயநாடு வேட்டையைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இவற்றைப் படிக்கும்போது கொம்பின் நீளம் அங்குலக் கணக்கில் வருகிறது. கூட நடந்த ஆளின் பெயர் பல இடங்களில் வருவதில்லை.

துப்பாக்கி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1878 ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர்களுக்குப் பெரும்பாலும் விலக்கு. அதாவது வெளியிலிருந்து வந்தவர் ரைபிளோடு இறங்கலாம். உள்ளூர் ஆள் பழைய நாட்டுத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருந்தாலும் அவர் குற்றவாளி.

இனி எங்கள் பக்கம். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, 1910-இல்தான் புதிதாக உண்டான ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வந்தது. ஊட்டி மாதிரி மேலே ஒரு குளிர் ஊர் எங்கள் மலையில் உருவாகவில்லை. கிழக்குச் சரிவு செங்குத்து. விருதுநகர்–தென்காசி ரயில் பாதை வந்ததே 1927-இல். அதற்கு முன் சாத்தூரில் இறங்கி மாட்டு வண்டிதான். சிவகிரி, சேத்தூர் பக்கத்தில் மலைக்காட்டுக்குச் சொந்தம் கொண்டாட ஜமீன்கள் இருந்தன. உச்சி மேட்டைத் தாண்டினால் வேறு நாடு, திருவிதாங்கூர். முகடுதான் எல்லை. கிழக்கே இறங்கினால் மெட்ராஸ் வனச் சட்டம், மேற்கே இறங்கினால் மகாராஜா அரசு. 1895-இல் பெரியாறு அணை கட்டி முடித்து ஏரி நிரம்பிய பிறகு அந்தப் பக்கத்துக் காடு மிருகத்துக்குப் பெயர் பெற்றது. 1934-இல் அங்கே நெல்லிக்காம்பட்டி சரணாலயம் வந்தது. கடமானுக்கு இந்த எல்லை தெரியாது. துப்பாக்கி எடுத்தவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எங்கள் மலைக்கும் நீலகிரிக்கும் பொதுவாக வந்து சேர்ந்தது 1882 மெட்ராஸ் வனச் சட்டம். இது வேட்டையை மனதில் வைத்து எழுதிய சட்டம் அல்ல, மரத்துக்காக எழுதியது. ஆனால் ஒரு காட்டை ரிசர்வ் என்று அறிவித்துவிட்டால் அதற்குள் மாடு மேய்ப்பது, விறகு எடுப்பது, தீ வைப்பது, வேட்டை, கண்ணி வைப்பது, மீன் பிடிப்பது எல்லாமே விதிக்குள் வந்துவிடும். ரிசர்வ் ஆக்குவதற்கு முன் ஒரு நடைமுறை உண்டு. அதிகாரி ஒருவரை நியமிப்பார்கள். இந்தக் காட்டில் யாருக்காவது உரிமை இருந்தால் இன்ன கெடுவுக்குள் சொல்லுங்கள் என்று அறிவிப்பார்கள். சொன்னவர் உரிமையைப் பரிசீலிப்பார்கள். சொல்லாதவர் உரிமை போனது போனதுதான்.

காகிதத்தில் பார்த்தால் ஒழுங்கான ஏற்பாடு. சாஃப்ட்வேர்காரனாக எனக்கு இது பழைய டேட்டாபேஸை மாற்றும் வேலை மாதிரித் தெரிகிறது. புது டேபிளில் எந்தப் பெயர் ஏறவில்லையோ அந்த ஆளே இல்லை என்றாகிவிடும். பிளவக்கல், செண்பகத்தோப்பு, சதுரகிரிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பளியர்கள் எந்தத் தாலுகா கச்சேரியில் போய் மனு எழுதிக் கொடுத்திருப்பார்கள்? அவர்கள் முதன்மையாக வேட்டைக்காரர்களும் அல்ல. தேன், கிழங்கு, மூலிகை என்று சேகரித்து வாழ்ந்தவர்கள். 1960-களின் தொடக்கத்தில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்தார். சண்டை வந்தால் அடித்துக்கொள்ளாமல் விலகிப் போய்விடுகிற அவர்களுடைய இயல்பு அவரை ரொம்பவும் கவர்ந்தது. விலகிப் போகிறவர்கள் உரிமை கேட்டு மல்லுக்கு நிற்கவும் மாட்டார்கள் இல்லையா?

அடிவாரத்து ஊர்களின் கதை வேறு. இங்கே வேட்டை இருந்தது, நாயோடு இருந்தது. ராஜபாளையம் நாய் இன்றைக்கு வெள்ளையாக, அழகாக பங்களா வாசலில் கட்டிக் கிடக்கிறது. 2005-இல் தபால் தலையிலும் வந்துவிட்டது. அது பன்றி வேட்டைக்குப் போன நாய். சிப்பிப்பாறை நாய் கரிசல் காட்டில் முயலை ஓடிப் பிடிக்கிற நாய். தென் மாவட்டங்களில் சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை என்று ஊரே கம்பும் நாயுமாகக் கிளம்பிப் போகும் வழக்கமும் இருந்தது. கிடைத்ததை ஊர் பங்கு போட்டுக்கொள்ளும். லைசென்ஸ், கொம்பு அங்குலம் எல்லாம் அங்கே கிடையாது. இந்த வேட்டை மிருகத்துக்கு நல்லது செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. நூறு பேர் வளைத்துக்கொண்டு அடித்தால் குட்டி, சினை எதுவும் தப்பாது. ஆனால் துரையின் வேட்டை 'ஸ்போர்ட்' என்றும் இது 'திருட்டு வேட்டை' என்றும் பிரிந்ததற்குக் காரணம் மிருகத்தின் நன்மை மட்டும் அல்ல என்பது தெளிவாகவே தெரிகிறது.

இந்தப் பிரிவு எவ்வளவு மெல்லிசு என்பதற்குக் கென்னத் ஆண்டர்சன் நல்ல உதாரணம். பெங்களூர்க்காரர், 1910-இல் பிறந்து 1974-இல் இறந்தவர். பெங்களூர் அப்போது மைசூர் சமஸ்தானம். அவர் அடிக்கடி வேட்டைக்குப் போனதோ சேலம், வடகோயம்புத்தூர்க் காடுகளுக்கு, அதாவது மெட்ராஸ் மாகாணத்துக்கு. என் அமெரிக்க நண்பர் செய்வதை அவர் காரில் செய்தார். ஆட்கொல்லிப் புலி என்று அரசு அறிவித்தால் பெங்களூரிலிருந்து கிளம்பி வந்துவிடுவார். அவருடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிற ஆள் பைரா. பூசாரி என்ற மலைச் சமூகத்தைச் சேர்ந்தவர். சட்டத்தின் கண்ணில் லைசென்ஸ் இல்லாத கள்ள வேட்டைக்காரர். காட்டைப் பற்றித் தனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்று ஆண்டர்சன் அவரைக் கொண்டாடுகிறார். அதை மறைக்காமல் எழுதியதற்காகவே எனக்கு ஆண்டர்சனைப் பிடிக்கும். அனுமதி ஒருவரிடம், அறிவு இன்னொருவரிடம். வயோமிங் சட்டம் வெளியாரை உள்ளூர் வழிகாட்டியோடு போகச் சொல்லி, அந்த வழிகாட்டிக்கு வேலையும் கூலியும் உறுதி செய்கிறது. இங்கே அந்த வழிகாட்டி தனியாகக் காட்டுக்குள் போனால் கேஸ்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த ஏற்பாடு உடனே கலையவில்லை. நாடு முழுவதும் வேட்டைக்கு ஏற்பாடு செய்து தரும் கம்பெனிகள் வெளிநாட்டினரை அழைத்து வந்தன. புலி வேட்டைக்கு 1970-இல் தடை வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் வேட்டையை நிறுத்திய சட்டம் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அதன் முதல் வடிவத்தில் பெரிய விலங்கு வேட்டை லைசென்ஸ், சிறு விலங்கு வேட்டை லைசென்ஸ் என்று வகை வகையாக இருந்தன. வரையாடு முதல் அட்டவணையில், தொடவே கூடாது. புள்ளிமானும் கடமானும் மூன்றாவது அட்டவணையில், லைசென்ஸ் இருந்தால் சுடலாம். அந்தக் கதவையும் அடைத்தது 1991 திருத்தம். எங்கள் மலையில் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-இல் வந்தது, புலிகள் காப்பகமானது 2021-இல்.

நீலகிரி வேட்டைச் சங்கம் என்ன ஆனது? அது பெயரில் 'வைல்ட்லைஃப்' சேர்த்துக்கொண்டு இன்றும் இருக்கிறது. அந்தச் சங்கத்தில் இருந்த இ.ஆர்.சி. டேவிதார்தான் 1960-களிலும் 70-களிலும் வரையாடுகளை மலை மலையாகப் போய் எண்ணினார். முக்கூர்த்திப் புல்வெளியில் வரையாடு இன்றும் இருப்பதற்குச் சங்கத்தின் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். தங்களுக்காகக் காத்தார்கள், ஆனாலும் காத்தார்கள். 2024-இல் தமிழ்நாட்டு வனத்துறை எண்ணியபோது மாநிலத்தில் 1,031 வரையாடுகள், 2025-இல் 1,303. எங்கள் மலை முகடுகளிலும் கொஞ்சம் உண்டு.

உரிமைக் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. 2006 வன உரிமைச் சட்டம், 1882-இல் பெயர் விட்டுப்போனவர்களைத் திரும்பச் சேர்க்க வந்த சட்டம். நிலம், தேன், மேய்ச்சல், மீன் என்று பட்டியல் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் வேறு எந்தப் பாரம்பரிய உரிமையும் உண்டு என்று சொல்லிவிட்டு, வேட்டையாடும் உரிமை தவிர என்று ஒரு வரி போடுகிறது. அமெரிக்காவில் இதற்கு நேர் எதிராக ஒரு வழக்கு. க்ரோ பழங்குடியைச் சேர்ந்த கிளேவின் ஹெரேரா என்பவர் வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசியக் காட்டில் அனுமதி இல்லாமல் எல்க் சுட்டார் என்று தண்டனை. 1868 ஒப்பந்தத்தில் ஆளில்லாத அரசு நிலத்தில் வேட்டையாட எங்கள் மக்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறீர்கள் என்றார் அவர். 2019-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. வயோமிங் மாநிலமான பிறகும் ஒப்பந்தம் செத்துவிடவில்லை என்று சொன்னது. பளியர்களோடு யாரும் ஒப்பந்தம் போட்டதில்லை, அதனால் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்ட ஒரு தாளும் இல்லை.

வேட்டையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று வாதாட இதை எழுதவில்லை. என்னைக் கேட்டால் 1991 முடிவு சரிதான். இங்கே மியூல் டீர் மாதிரி விரிந்த நிலமோ எண்ணிக்கையோ கிடையாது. ஆனால் காட்டோரத்தில் இருப்பவனிடம் கேட்டு முடிவெடுக்கும் பழக்கம் 1879-இலும் இல்லை, 1882-இலும் இல்லை, அப்புறமும் பெரிதாக வந்ததாகத் தெரியவில்லை.

இதை எங்கள் ஊரில் சொன்னால் பேச்சு நேராகப் பன்றியில் போய் நிற்கும். மேற்கே பிளவக்கல் அணை பார்த்துப் போகப் போகத் தென்னையும் மாவும், அது முடிகிற இடத்தில் காடு. ராத்திரி பன்றி இறங்கினால் இளந்தென்னையைக் குருத்தோடு பெயர்த்துப் போட்டுவிடும். 1912-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தில்கூட உயிரையோ உடைமையையோ காத்துக்கொள்ளக் கொன்றால் குற்றமில்லை என்று விலக்கு இருந்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு புது விதி கொண்டுவந்தது. காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வனத்துறை ஆட்கள் சுடலாம், விவசாயி அல்ல. அணைக்கரையை ஒட்டித் தோப்பு வைத்திருக்கும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ பன்றி மூணு கிலோமீட்டர் நடந்து வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாத்தான் சுடுவாங்களாக்கும்" என்றார். அவருடைய தோப்பு முதல் கிலோமீட்டருக்குள்ளேயே வருகிறது.